இப்னு பதூதா (ரஹ்) கண்ட கொள்ளை நோய்

உலகம் சுற்றிய பயணி என்று இப்னு பதூதா (ரஹ்) அவர்களை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தில் படிக்கிறார்கள். டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காழியாக இருந்தார், சீன தேசம் சென்றார் என்ற இரண்டு வரிகளோடு அந்தப் பாடம் முடிந்து விடுகிறது. அன்னார் நம் தமிழ் மண்ணில் கால் வைத்ததும், மதுரை மாநகரில் ஒரு கொள்ளை நோயின் நடுவே இருந்து உயிர் பிழைத்ததும், நான்கு ஆண்டுகள் கழித்து ஷாம் தேசத்தில் அதனினும் பெரிய தாஊனைக் கண்ணாரக் கண்டதும், அதே நோய்க்குத் தம் தாயாரைப் பறிகொடுத்ததும் நம்மில் பலர் அறியாதவை. அவர்களுடைய பிரயாணம் முழுவதையும் சொல்ல வேண்டுமானால் நம் இதழ்கள் ஒரு வருடத்திற்குப் போதா. எனவே இந்த நோய்ப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்க்கிறோம்.

இப்போது இதை எழுத வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை மாநகராட்சியின் பதினைந்து மண்டலங்களில் ராயபுரம் மண்டலம்தான் கொரோனா நோய்க் கணக்கில் முதலிடத்தில் நின்றது. அந்த ரமலானில் நம் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. தராவீஹ் தொழுகையை நாம் வீடுகளில் தொழுதோம். ஜும்ஆ இல்லாத வெள்ளிக்கிழமைகள் அடுத்தடுத்துக் கழிந்தன. அப்போது திண்ணைகளிலும் மொட்டை மாடிகளிலும் நடந்த வாதங்கள் இன்னும் ஓயவில்லை. பள்ளியை மூடியது மார்க்கத்திற்கு ஒத்ததா, கூடி அழுது துஆச் செய்திருந்தால் நோய் நீங்கியிருக்குமே என்று இன்றும் பெரியவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன்பே இதே கேள்வி திமிஷ்கு நகரில் எழுந்து விட்டது. இப்னு பதூதா அதற்குச் சாட்சி.

அவர்களுடைய முழுப் பெயர் அபூ அப்தில்லாஹ் முஹம்மது பின் அப்துல்லாஹ். மொராக்கோ நாட்டில், கடலோரப் பட்டினமான தன்ஜாவில், ஹிஜ்ரி 703ஆம் ஆண்டு ரஜப் மாதம் (1304) பிறந்தார்கள். மாலிக்கீ மத்ஹபைச் சேர்ந்த காழிகளின் குடும்பம். ஓதிப் படித்து, ஹிஜ்ரி 725ஆம் ஆண்டு ரஜபில் (1325 ஜூன்) ஹஜ்ஜை நாடி ஊரை விட்டுக் கிளம்பும்போது இருபத்தோரு வயது வாலிபர். தாயும் தந்தையும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிவது தமக்கும், தம்மைப் பிரிவது அவர்களுக்கும் எவ்வளவு வேதனையாக இருந்தது என்பதை அன்னார் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஹஜ்ஜுக்கென்று போனவர் திரும்பி வர இருபத்து நான்கு வருடங்கள் ஆகும் என்று அந்தப் பெற்றோர் அன்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஹஜ்ஜு முடிந்தது. ஈராக், பாரசீகம், யமன், ஆப்பிரிக்கக் கரை, துருக்கி என்று பிரயாணம் நீண்டு, ஹிஜ்ரி 734 முஹர்ரத்தில் (1333) சிந்து நதிக்கரை வந்து சேர்ந்தார்கள். டில்லியில் காழிப் பதவி கிடைத்தது. டில்லியில் அவர்கள் மணந்த மனைவியருள் ஒருவர் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள். இந்த அஹ்ஸன் ஷா யார் என்றால், டில்லியின் பிரதிநிதியாக மதுரைக்கு அனுப்பப்பட்டு, பிறகு டில்லிக்கு அடங்க மறுத்துத் தாமே மதுரைக்குச் சுல்தானாகி விட்டவர். அவரை அடக்குவதற்குத் துக்ளக் பெரும்படையோடு தெற்கே கிளம்பினார். வாரங்கல் வரை வந்தபோது படைக்குள் கொள்ளை நோய் புகுந்து பெரும் பகுதியை வாரிக் கொண்டு போயிற்று. துக்ளக் திரும்பிப் போனார், மதுரை சுல்தான்களின் ஆட்சி நிலைத்தது. நோய் ராஜ்ஜியங்களின் எல்லைக் கோட்டையும் மாற்றி வரையும் என்பதற்கு நம் நாட்டிலேயே இப்படி ஓர் உதாரணம் இருக்கிறது.

டில்லி சுல்தானின் தூதராகச் சீனத்திற்கு அனுப்பப்பட்ட இப்னு பதூதா, கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் புயலில் சிக்கியதால் எல்லாவற்றையும் இழந்து, மாலத்தீவுக்குப் போய் அங்கும் காழியாக இருந்து, 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையைத் தரிசித்து, அங்கிருந்து மீண்டும் கப்பல் ஏறினார்கள். அந்தக் கப்பலும் நம் கிழக்குக் கரையருகே உடைந்தது. கரை சேர்ந்து விசாரித்தால், அது மதுரை சுல்தானின் நாடு. அப்போது சுல்தானாக இருந்தவர் கியாஸுத்தீன் தாமகானி. அவர் மணந்திருந்ததும் அஹ்ஸன் ஷாவின் இன்னொரு மகளைத்தான். ஆகவே இப்னு பதூதாவுக்குச் சகலர். உறவின் பேரில் ஆளனுப்பி, மரியாதையோடு பாளையத்திற்கு அழைத்துக் கொண்டார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்தச் சுல்தான் போரில் பிடித்த இந்துக் கைதிகளையும், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் கொடுமையாகக் கொன்றவர். இப்னு பதூதா அதைப் பாளையத்திலேயே கண்ணால் கண்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் இவ்வாறு கொல்வதை வேறெந்த அரசரிடமும் தாம் கண்டதில்லை என்ற கருத்தில் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். அல்லாஹ் அவருடைய மரணத்தை விரைவுபடுத்தியதற்கு இதுவே காரணம் என்றும் கருதினார்கள். சகலர், விருந்தளித்தவர், நம்மவர் என்பதற்காக அவர்கள் எழுதுகோலை மூடி வைத்துக் கொள்ளவில்லை. போரில் பெண்களையும் குழந்தைகளையும் தொடக் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. அதை மீறியவர் சுல்தானாக இருந்தாலும் குற்றவாளியே.

பாளையத்திலிருந்து அன்னார் பத்தன் என்ற அழகிய துறைமுகப் பட்டினத்திற்குப் போனார்கள். கீழக்கரைக்கு அருகிலுள்ள பெரியபட்டினம்தான் அது என்பாரும், வேறு ஊர் என்பாரும் உண்டு. சுல்தானுக்கோ ஒரு யோகி செய்து கொடுத்த, இரும்புத் தூள் கலந்த மாத்திரைகளை அளவுக்கு மீறி உண்டதால் உடல்நலம் கெட்டிருந்தது. அந்த நிலையில் அவர் மதுரைக்குப் போய்ச் சேர, இப்னு பதூதாவும் பின்னர் அங்கு சென்றார்கள்.

மதுரையில் அவர்களை வரவேற்றது கொள்ளை நோய். நோய் கண்டவர் மறுநாளோ மூன்றாம் நாளோ மாண்டு போனார். மிஞ்சினால் நான்காம் நாள். வெளியே கிளம்பினால் கண்ணில் படுவோர் ஒன்று நோயாளி, அல்லது மய்யித். நோயற்றவள் என்று உறுதி சொல்லி விற்கப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை அவர்கள் வாங்கினார்கள். அவள் மறுநாளே இறந்து போனாள்.

ஒரு நாள் ஒரு பெண்மணி எட்டு வயது மகனைக் கையில் பிடித்துக் கொண்டு வந்தாள். அவளுடைய கணவர் முன்பு அஹ்ஸன் ஷாவிடம் மந்திரியாக இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பம் இப்போது வறுமைப்பட்டு உதவி கேட்டு நின்றது. பையன் சூட்டிகையானவன். தாயும் பிள்ளையும் நல்ல தேக சுகத்தோடு இருந்தார்கள். இப்னு பதூதா ஏதோ கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் அதே பெண் மறுபடி வந்தாள், தனியாக. பிள்ளைக்குக் கஃபன் துணி வேண்டும் என்றாள். ஒரே இரவில் பையன் போய் விட்டான்.

நாம் அன்னாரின் பயண நூலில் எத்தனையோ அரண்மனைகளையும் விருந்துகளையும் படித்திருக்கிறோம். அவையெல்லாம் மறந்து போகின்றன. இந்தப் பெண்மணி மறப்பதில்லை. அவளுடைய பெயரை அவர்கள் சொல்லவில்லை. மந்திரியின் மனைவியாக வாழ்ந்தவள், கஃபனுக்கு அயலாரிடம் கையேந்திய அந்த நிமிடத்தில் அவமானம் என்ற ஒன்றே அவள் நினைவில் இருந்திருக்காது.

அரண்மனையிலும் இதே கதிதான். சமையலுக்கு நெல் குற்றுவதற்காகக் கொண்டு வரப்பட்ட பணிப்பெண்கள் நூற்றுக்கணக்கில் நோய் கண்டு வெயிலில் விழுந்து கிடந்ததை அவர்கள் பார்த்தார்கள். நோயென்றால் முதலில் விழுவது உழைக்கும் ஏழைதான். துறைமுகக் கிட்டங்கிகளில் மூட்டை சுமப்பவர்களும், காசிமேட்டில் மீன்கூடை தூக்குகிறவர்களும் நிறைந்த நம் பகுதிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சுல்தான் மதுரைக்குள் வந்தபோது அவருடைய தாயார், மனைவி, மகன் மூவரும் நோயில் கிடந்தார்கள். மூன்று நாள் நகரில் தங்கிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு ஃபர்ஸக் தூரத்தில், கோயிலொன்று இருந்த ஓர் ஆற்றங்கரைக்குப் பாளையத்தை மாற்றிக் கொண்டார். இப்னு பதூதா ஒரு வியாழக்கிழமை அங்கு போய்ச் சேர்ந்தார்கள். கூடாரம் அடித்துக் கொண்டிருக்கும்போதே மக்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். சுல்தான் இறந்து விட்டார் என்றார் ஒருவர், இல்லை, மகன்தான் என்றார் மற்றவர். இறந்தது மகனே. அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆண் பிள்ளை. அடுத்த வியாழக்கிழமை தாயார் மறைந்தார். அதற்கடுத்த வியாழக்கிழமை சுல்தானும் போய்ச் சேர்ந்தார். இப்படி மூன்று வாரத்தில் மூன்று தலைமுறை அழிந்தது. குழப்பம் மூளும் என்று அஞ்சி இப்னு பதூதா விரைந்து நகருக்குள் திரும்பினார்கள். சுல்தானின் சகோதரர் மகன் நாஸிருத்தீன் பட்டத்திற்கு வந்தார்.

பிறகு அன்னாரையே காய்ச்சல் பற்றிக் கொண்டது. இதோடு தம் முடிவு வந்தது என்றே நினைத்து விட்டார்கள். அந்த வேளையில் புளியைக் கரைத்துக் குடிக்கும் எண்ணத்தை அல்லாஹ் உள்ளத்தில் போட்டான் என்கிறார்கள். மதுரையில் புளி மலிந்து கிடந்தது. ஏறக்குறைய ஒரு ராத்தல் எடையை நீரில் கரைத்து அருந்த, மூன்று நாள் வயிறு போயிற்று, காய்ச்சல் விட்டது. புளிக்கு அரபியில் தம்ரு ஹிந்தீ, அதாவது இந்தியப் பேரீச்சம்பழம், என்று பெயர். நம் வீட்டுப் பெண்கள் தினமும் குழம்புக்குக் கரைக்கும் அதே பொருள்தான். இதைப் படித்துவிட்டு யாரும் கொள்ளை நோய்க்குப் புளி மருந்து என்று ஊரெல்லாம் சொல்லிக் கொண்டு திரிய வேண்டாம். அவர்கள் சொன்னது தமக்கு வந்த காய்ச்சலைப் பற்றி மட்டுமே. 2020இல் கைபேசி வழியாக வந்த கஷாயக் குறிப்புகளைப் போல நம் இதழும் ஒன்றைக் கிளப்பி விட்டது என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

மதுரையில் பரவியது என்ன நோய்? மார்க்க அறிஞர்கள் வபா என்றும் தாஊன் என்றும் இரண்டு சொற்களைப் பிரித்து வழங்குகிறார்கள். ஊரெங்கும் பரவிப் பலரைக் கொல்லும் எந்த நோயும் வபா. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி, கடும் காய்ச்சலோடு கொல்லும் அந்தக் குறிப்பிட்ட நோயே தாஊன். எல்லாத் தாஊனும் வபாவாகும், எல்லா வபாவும் தாஊன் ஆகாது. மதீனாவுக்குள் தாஊன் நுழையாது என்று நபிமொழியில் வருகிறது. ஆனால் முஹாஜிர்கள் வந்த புதிதில் மதீனாவில் வபாக் காய்ச்சல் இருந்ததும் ஹதீஸ்களில் உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தால் இவை முரண்பட்டு விடும் அல்லவா? இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் இதைக் கொண்டுதான் வேறுபாட்டை நிறுவுகிறார்கள். மதுரை நோயை இப்னு பதூதா வபா என்றே குறிக்கிறார்கள், நெறி கட்டியதாகச் சொல்லவே இல்லை. எனவே அது வாந்திபேதி போன்ற வேறொரு நோயாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கு வாந்திபேதி நோயாளிகளைத் தூக்கிக் கொண்டு ஓடிய தலைமுறைக்கு, ஒரே நாளில் ஆள் போய்விடும் அந்த வேகம் நன்றாகவே தெரியும்.

ஊர் வெறுத்துப் போய், மாலத்தீவின் மேல் படையெடுக்கலாம் என்ற புதிய சுல்தானின் வேண்டுகோளையும் ஒதுக்கிவிட்டு, அன்னார் கப்பலேறினார்கள். கொல்லத்தில் மூன்று மாதம் நோய்ப் படுக்கை, பிறகு கடற்கொள்ளையரிடம் உடுத்த துணி தவிர அத்தனையும் பறிபோனது, மீண்டும் மாலத்தீவு, வங்காளம், சுமத்ரா, சீனம். இவற்றை விட்டு விடுவோம். 1348ஆம் ஆண்டு அவர்களை நாம் திமிஷ்கில் சந்திக்கிறோம்.

அங்கே அவர்களுக்கு இரண்டு செய்திகள் காத்திருந்தன. முன்பு திமிஷ்கில் மணந்து, கருவுற்ற நிலையில் விட்டுச் சென்ற மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்ததை இந்தியாவில் இருக்கும்போது கேள்விப்பட்டு, அதன் பாட்டனாருக்கு நாற்பது பொற்காசுகள் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளை இறந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகி விட்டன என்று இப்போது தெரிந்தது. தன்ஜாவைச் சேர்ந்த ஓர் ஆலிம் இன்னொரு செய்தி சொன்னார். தகப்பனார் வபாத்தாகிப் பதினைந்து வருடங்கள் ஆகின்றன, தாயார் மட்டும் உயிரோடு இருக்கிறார்கள்.

அவர்கள் அலெப்போ நகரில் இருந்தபோது, கஸ்ஸாவில் தாஊன் தோன்றி ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்னார் ஹிம்ஸுக்கு வந்தார்கள். நோய் அங்கே முந்திக் கொண்டிருந்தது. வந்து இறங்கிய அன்று மட்டும் 300 பேர் இறந்திருந்தனர். பிறகு திமிஷ்கு.

இது மதுரை நோயைப் போன்றதல்ல. இதுதான் தாஊனுல் அஃழம், பெருந்தாஊன். மத்திய ஆசியாவிலிருந்து வணிகப் பாதைகள் வழியாகக் கருங்கடல் துறைமுகங்களுக்கு வந்து, 1347இல் கப்பல்களிலேறி அலெக்ஸாந்திரியாவுக்கும் இத்தாலிக்கும் போனது. கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரியருகே 1338, 1339ஆம் ஆண்டுகளில் புதைக்கப்பட்டவர்களின் பற்களில் இந்நோய்க் கிருமியின் அடையாளத்தை ஆய்வாளர்கள் கண்டு 2022இல் வெளியிட்டார்கள். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி கடித்தே இது மனிதருக்குத் தொற்றுகிறது என்பதை 1898இல் கராச்சியில் சிமோந் என்ற பிரெஞ்சு மருத்துவர் நிறுவினார். கப்பலில் தானியம் போனால் எலியும் போகும், எலியோடு தெள்ளும் போகும். ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத மக்கள் அழிந்தார்கள். தூனிஸ் நகரில் பதினேழு வயது இப்னு கல்தூன் தாய் தந்தை இருவரையும் இதில் இழந்தார்.

திமிஷ்கின் ஆளுநர் அர்கூன் ஷா மூன்று நாள் நோன்பு வைக்கும்படியும், பகலில் கடைத்தெருவில் எதுவும் சமைக்கக் கூடாதென்றும் முரசறைவித்தார். மூன்றாம் நாள் வியாழன் இரவு அமீர்கள், ஸையிதுகள், காழிகள், ஆலிம்கள், சாதாரண மக்கள் எல்லோரும் பெரிய பள்ளிவாசலில் தொழுகையிலும் திக்ரிலும் துஆவிலும் கழித்தார்கள். வெள்ளிக்கிழமை ஃபஜ்ரு முடிந்ததும் அனைவரும் குர்ஆனைக் கையிலேந்திக் கால்நடையாகக் கிளம்பினார்கள். அமீர்களும் வெறுங்காலோடு நடந்தார்கள். யூதர்கள் தவ்ராத்தை ஏந்தியும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலை ஏந்தியும் தங்கள் பெண்டு பிள்ளைகளோடு உடன் வந்தார்கள். ஊருக்கு வெளியேயுள்ள மஸ்ஜிதுல் அக்தாமில் நண்பகல் வரை அழுது மன்றாடிவிட்டு, நகரத்துக்குத் திரும்பி ஜும்ஆ தொழுதார்கள். அல்லாஹ் துன்பத்தை இலேசாக்கினான் என்றும், கெய்ரோவில் ஒரு நாளைக்கு 24,000 பேர் மாண்டபோது திமிஷ்கில் 2,000த்தோடு நின்றது என்றும் இப்னு பதூதா சொல்கிறார்கள். (வேறோரிடத்தில் திமிஷ்குக்கு 2,400 என்றும், கெய்ரோவுக்கு 21,000 என்றும் வருகிறது. நினைவிலிருந்து சொன்னவை, அக்காலத்தில் எண்ணிக் கணக்கெடுத்தவர் யார்? சரித்திர ஆசிரியர்கள் இவற்றை மிகையென்றே கொள்கிறார்கள்.)

ஒன்றை மட்டும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. 1349 பிப்ரவரியில், யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்ததால்தான் நோய் வந்தது என்று பழி சுமத்தி, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அவர்களை நெருப்பிலிட்டுக் கொளுத்தினார்கள். திமிஷ்கில் அதே யூதர்கள் முஸ்லிம்களோடு ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். நோயைப் பரப்பியவர்கள் இவர்கள்தாம் என்று ஒரு சமுதாயத்தின் மேல் விரல் நீட்டுவது என்ன செய்யும் என்பதை 2020 ஏப்ரலில் நாமும் கொஞ்சம் அனுபவித்தோம்.

ஆனால் அந்த ஊர்வலத்தைப் பற்றி ஆலிம்கள் என்ன சொன்னார்கள் என்பதே நம் கேள்வி. திமிஷ்கில் ஹிஜ்ரி 764இல் மறுபடி தாஊன் வந்து மக்கள் கூடிக் கூச்சலிட்டு துஆக் கேட்டபோது, அல்மன்பிஜீ என்ற அறிஞர் அதை வன்மையாகக் கண்டித்தார். இந்தப் பழக்கம் 749இல் உண்டானது. அன்று மக்கள் திரண்டு வெளியே போய் மன்றாடிய பிறகு நோய் அதிகரிக்கவே செய்தது, அதற்கு முன் குறைவாகத்தான் இருந்தது என்று அவர் எழுதினார். இப்னு பதூதா கண்டதற்கு நேர் மாறான சாட்சியம் இது. இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) தம் காலத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கெய்ரோவில் ஹிஜ்ரி 833 ரபீஉல் ஆகிர் 27ஆம் நாள் (1430) தாஊன் தொடங்கியபோது தினமும் இறந்தோர் நாற்பதுக்கும் குறைவு. மூன்று நாள் நோன்பிருந்து, ஜமாதில் அவ்வல் 4ஆம் நாள் மழைத் தொழுகைக்குப் போவது போல மக்கள் பாலைவெளியில் கூடி துஆச் செய்து திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் தினசரி மரணம் ஆயிரத்தைத் தாண்டியது. இப்படிக் கூடுவதற்கு ஸஹாபாக்களிடம் முன்மாதிரி இல்லை என்பது இமாம் அவர்களின் தீர்ப்பு.

அவர்கள் ஏதோ ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் அல்லர். 819ஆம் ஆண்டுத் தாஊனில் ஃபாத்திமா, ஆலியா என்ற இரண்டு பெண் மக்களையும், 833இல் நிறை சூலியாக இருந்த மூத்த மகள் ஸைன் காத்தூனையும் இழந்தவர்கள். அந்தத் தந்தைக்கு துஆவின் மேல் நம்பிக்கையில்லை என்று யார் சொல்ல முடியும்? துஆவை அவர்கள் தடுக்கவில்லை. அவரவர் இடத்தில் பாவமன்னிப்புத் தேடுவதும், மன்றாடுவதும் என்றைக்கும் உண்டு. அவர்கள் மறுத்தது கூட்டத்தை.

ஹிஜ்ரி 18இல் ஷாமின் அம்வாஸில் தாஊன் வந்தபோது, வழியில் இருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படையோடு ஸர்க் என்ற இடத்திலிருந்து திரும்பினார்கள். நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், இருக்கும் ஊரில் வந்தால் அஞ்சி ஓடாதீர்கள் என்ற கருத்துள்ள நபிமொழியை அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) எடுத்துச் சொல்ல, கலீஃபாவின் மனம் அமைதியடைந்தது. உள்ளே இருந்த அபூ உபைதா (ரலி), முஆத் (ரலி) ஆகியோர் அந்நோயிலேயே ஷஹீதானார்கள். பிறகு பொறுப்பேற்ற அம்ர் பின் ஆஸ் (ரலி) மக்களை மலைகளில் பிரிந்து சிதறி இருக்கச் சொன்னார்கள், நோயும் நீங்கியது. பிரிந்திருப்பது ஈமானுக்குக் குறைவு என்று எண்ணுவோர் இந்த வரலாற்றையும் மறந்து விடக் கூடாது.

இந்த அளவுகோலை இப்னு பதூதாவின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும்தானே? மதுரையில் அவர்கள் புகுந்தது அறியாமல். அங்கிருந்து கிளம்பியது நோய் குணமான பின். மேலும் வெளியேறத் தடை தாஊனுக்கு மட்டுமே என்று சட்ட அறிஞர் பலர் கூறுவதால் அதில் பேச்சில்லை. ஆனால் ஷாமில் தாஊன் பரவுவது தெரிந்த பிறகும் ஹிம்ஸ், திமிஷ்கு, கஸ்ஸா, கெய்ரோ என்று ஊர் ஊராகப் போனார்களே! ஹஜ்ஜுக்கான பாதை அதுதான் என்று சமாதானம் சொல்லலாம். காழியாக இருந்தவர்களுக்கு ஹதீஸ் தெரியாமலிருக்காது. நமக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பெரியோர்களின் வாழ்க்கையை எழுதும்போது எல்லாவற்றுக்கும் நியாயம் கற்பிக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

கஸ்ஸா பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. அங்கே நீதிமன்றச் சாட்சிகளாக எண்பது பேர் இருந்ததில் கால்வாசிப் பேரே மிஞ்சியதாக அவ்வூர்க் காழி சொன்னார். எழுதி வைக்கவும், சாட்சி சொல்லவும், மகர் பத்திரமும் பாகப்பிரிவினையும் முடிக்கவும் ஆளில்லாமல் ஓர் ஊர் எப்படி இயங்கும்? ஆனாலும் இருந்த இருபது பேரை வைத்துக் கொண்டு அது இயங்கியது. பைத்துல் முகத்தஸில் நோய் ஓய்ந்திருந்தது. அங்கே கதீப் ஒருநாள் விருந்து வைத்து இப்னு பதூதாவையும் அழைத்தார். காரணம் கேட்டபோது, ஜனாஸாத் தொழுகை நடத்தாமல் ஒரு நாள் கழிந்தால் விருந்து வைப்பதாக நேர்ந்து கொண்டதாகவும், நேற்றுத்தான் அந்த நாள் வந்ததாகவும் கூறினார். எத்தனை மாதம் அவர் ஒரு நாள் தவறாமல் ஜனாஸாவுக்கு நின்றிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். 2021இன் கோடையில் நம் மஹல்லாக்களில் மய்யித்துக்களை அடக்க ஓடிய இளைஞர்களுக்கு அந்த விருந்தின் ருசி தெரியும்.

தாயார் உயிரோடு இருக்கும் செய்தி கையில் இருந்தும், அன்னார் நேரே வீட்டுக்குப் போகவில்லை. மக்காவுக்குப் போய் 749ஆம் ஆண்டின் ஹஜ்ஜை முடித்துக் கொண்டுதான் மேற்கே திரும்பினார்கள். மொராக்கோ எல்லைக்குள் தாஸா நகருக்கு வந்தபோது, தாயார் தாஊனில் இறந்து போனதாகச் சொன்னார்கள். தன்ஜா போய்க் கப்ரை ஸியாரத் செய்தார்கள். இதை அவர்கள் மிகச் சில சொற்களில் முடித்து விடுகிறார்கள். விருந்துகளில் பரிமாறிய பண்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னவர்கள் இந்த இடத்தில் பேசவில்லை. நேரே வந்திருந்தால் முகம் பார்த்திருக்கலாமோ என்பது படிக்கும் நமக்கே தோன்றும்போது, அவர்களுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

பிறகு ஸ்பெயினுக்கும், சஹாராவைக் கடந்து மாலி தேசத்திற்கும் போய் வந்தார்கள். மொராக்கோ சுல்தான் அபூ இனானின் உத்தரவுப்படி, தாம் கண்டவற்றை இப்னு ஜுஸைய் என்ற எழுத்தாளரிடம் சொல்லி எழுதுவித்து, அது ஹிஜ்ரி 756இல் (1355) நிறைவெய்தியது. அதன் பின் மொராக்கோவில் ஓர் ஊரில் காழியாக இருந்த நிலையில், ஹிஜ்ரி 770இல் (1368-69) வபாத்தானார்கள். அந்த வருடத்தை நமக்குக் குறித்து வைத்தவர், திமிஷ்கு ஊர்வலத்தை ஏற்காத அதே இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்களே.